வீடும் வாகனமும்: ஏற்றத்தில் திணறினால் பிளக்கைப் பாருங்கள்



சென்ற மாதம் டயர்களைப் பற்றிப் பார்த்தோம். அதைப் படித்துவிட்டுப் பசறையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். "எங்கள் வீட்டில் ஒரு சிறிய பெற்றோல் கார் இருக்கிறது. வீட்டுக்காரர் அதில்தான் ஹயர் ஓடுகிறார். பதுளை டவுனுக்குள் நன்றாக ஓடும் வண்டி, ஏற்றம் வந்ததும் திக்கித் திக்கி இழுக்கிறது. பிளக் மாற்றச் சொல்கிறார் ஒரு பாஸ். தேய்த்துப் போட்டால் இன்னும் ஓடும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதை நம்புவது? மாற்றும் நேரத்தை நாங்களே அறிந்துகொள்ள வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

வழி உண்டு, சகோதரி. அதற்குப் பெரிய படிப்பும் தேவையில்லை. ஊவாவின் மலைப் பாதைகளில் வண்டி வைத்திருக்கும் எல்லோரும் இதை அறிந்திருப்பது நல்லது. சமவெளியில் இஞ்சின் நின்றுபோனால் ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு தேநீர் குடிக்கலாம். மடூல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு இரவில் ஏற்றி வரும்போது நின்றுபோனால் என்ன செய்வது? ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம், பின்னால் லொறி. அந்த நேரத்தில் அந்தச் சிறு பிளக்கின் அருமை தெரியும்.

பிளக் என்ன செய்கிறது?

இஞ்சினுக்குள் பெற்றோலும் காற்றும் கலந்த கலவை அழுத்தப்படுகிறது. அதைப் பற்றவைக்கும் தீக்குச்சிதான் ஸ்பார்க் பிளக். பற்றரியில் இருப்பது 12 வோல்ட். கொயில் அதை இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்தி அனுப்புகிறது. பிளக்கின் நுனியில் நடுக்கம்பிக்கும் ஓரக்கம்பிக்கும் இடையே பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இடைவெளி இருக்கும். அதைத் தாண்டிக் குதிக்கும்போது தீப்பொறி உண்டாகிறது.

இந்த யோசனை பழையது. 1860-ம் ஆண்டிலேயே பிரான்சில் எத்தியேன் லெனுவார் தமது வாயு இஞ்சினில் மின்பொறியைப் பயன்படுத்தினார். 1902-ல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனத்தில் பணியாற்றிய கொட்லொப் ஹொனோல்ட், உயர் மின்னழுத்த மக்னீட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கிய பிறகுதான் வேகமாகச் சுழலும் இஞ்சினுக்கு நம்பகமான பொறி கிடைத்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை.

ஒவ்வொரு பொறியும் கம்பியின் நுனியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளை அரித்துச் செல்கிறது. கூரான விளிம்பு மழுங்குகிறது, இடைவெளி அகல்கிறது. இடைவெளி அகல அகல, பொறி தாண்டுவதற்குக் கூடுதல் வோல்ட் தேவைப்படுகிறது. கொயிலால் அதைக் கொடுக்க முடியாத கட்டத்தில் பொறி தவறுகிறது. இதைத்தான் "மிஸ் பண்ணுது" என்று கராஜில் சொல்கிறார்கள்.

சகோதரியின் வண்டி டவுனுக்குள் நன்றாக ஓடி, ஏற்றத்தில் மட்டும் திக்குவதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. ஏற்றத்தில் அக்சலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் கூடுதல் கலவை புகுந்து அழுத்தம் உயர்கிறது. அழுத்தம் கூடிய இடத்தில் பொறி தாண்டுவது கடினம். ஆகவே தேய்ந்த பிளக் தன் பலவீனத்தை முதலில் ஏற்றத்தில்தான் காட்டிக்கொடுக்கும்.

முக்கியமான ஒரு விஷயம். பிளக் இருப்பது பெற்றோல் வண்டிகளில். லொறி, பஸ், டீசல் வேன் ஆகியவற்றில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அவற்றில் காற்றை அழுத்தும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் ஹீட்டர் பிளக் வேறு சங்கதி. முழு மின்சாரக் காரிலும் பிளக் இல்லை. ஹைபிரிட் கார்களில் பெற்றோல் இஞ்சினும் இருப்பதால் பிளக் உண்டு. "ஹைபிரிட்தானே" என்று பலர் அதை மறந்தே விடுகிறார்கள்.

எத்தனை கிலோமீற்றர்?

வண்டியோடு வரும் கைநூலில் இதற்குக் கணக்கு இருக்கும். சாதாரண நிக்கல் நுனி பிளக்குகளுக்குக் கார்களில் பொதுவாக 20,000 முதல் 40,000 கிலோமீற்றர் வரை குறிப்பிடுவார்கள். இரிடியம், பிளாட்டினம் நுனி கொண்ட நீண்டகாலப் பிளக்குகள் 80,000, 1,00,000 கிலோமீற்றர் வரையும் போகும். மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் இந்தக் கணக்கு மிகக் குறைவு. ஒரு முச்சக்கர வண்டி நாளொன்றுக்கு 80 கிலோமீற்றர் ஹயர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 125 நாளில் 10,000 கிலோமீற்றர் கடந்துவிடும். "போன வருஷம்தானே மாற்றினேன்" என்ற பேச்சுக்கு ஹயர் வண்டியில் இடமில்லை.

கைநூலின் கணக்கு சாதாரணப் பாதைக்கு எழுதப்பட்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது. நம் பாதைகள் எப்படி? பதுளை டவுன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹாலிஎல, பண்டாரவளை வழியாக அப்புத்தளைக்குப் போனால் 1,400 மீற்றரைத் தாண்டி விடுகிறோம். அங்கிருந்து பெரகலை, கொஸ்லந்தை வழியாக வெல்லவாயாவுக்கு இறங்கினால் வெப்பமான தாழ்நிலம். ஒரே பகலில் மூன்று காலநிலைகளை அந்த இஞ்சின் பார்த்துவிடுகிறது.

ஓர் எளிய கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. சமதரையில் டொப் கியரில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில், நிமிடத்துக்கு 2,500 சுற்றில் போகும் கார் ஒரு கிலோமீற்றரை ஒரு நிமிடத்தில் கடக்கும். ஒவ்வொரு பிளக்கும் 1,250 முறை பொறி கக்கும். அதே கார் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில், நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஏறினால் ஒரு கிலோமீற்றருக்கு 2 நிமிடம் 24 விநாடி ஆகும். பொறிகளின் எண்ணிக்கை 3,600. மீட்டர் காட்டுவது இரண்டிலும் ஒரே ஒரு கிலோமீற்றர்தான். பிளக்குக்கோ ஏறக்குறைய மூன்று மடங்கு வேலை!

இறக்கமும் சமதரையும் உண்டு என்பதால் மொத்தத்தில் மூன்று மடங்கு தேய்ந்துவிடாது. ஆனாலும் தோட்டப் பாதைகளில் ஓடும் வண்டிக்குக் கைநூலில் உள்ள தூரம் முடியும்வரை காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. பாதித் தூரத்தில் ஒருமுறை கழற்றிப் பார்ப்பதும், கடும் உழைப்புக்கென்று கைநூலில் தனிக் கணக்கு இருந்தால் அதைப் பின்பற்றுவதும் நல்லது.

வண்டி சொல்லும் அடையாளங்கள்

கிலோமீற்றர் கணக்கு தெரியாவிட்டாலும் வண்டியே சொல்லிவிடும்.

காலைக் குளிரில் ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆன வண்டி இப்போது இரண்டு மூன்று தடவை கேட்கிறதா? நிறுத்தி வைத்திருக்கும்போது உடம்பு நடுங்குவது போல் ஆடுகிறதா? ஏற்றத்தில் வெட்டி வெட்டி இழுக்கிறதா? வழக்கமாக இரண்டாம் கியரில் ஏறிய இடத்தில் முதலாம் கியர் கேட்கிறதா? அதே ஓட்டத்துக்குப் பெற்றோல் கூடுதலாகச் செலவாகிறதா? சைலன்சர் வழியாக எரியாத பெற்றோல் வாடை வருகிறதா? இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் பிளக்கைக் கழற்றிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

புதிய கார்களில் இஞ்சின் விளக்கு எரியும். அந்த விளக்கு விட்டு விட்டு மின்னினால் அலட்சியம் வேண்டாம். பல வண்டிகளில் அதன் பொருள், பொறி கடுமையாகத் தவறுகிறது, எரியாத பெற்றோல் சைலன்சர் பாதைக்குள் போகிறது என்பதே. அங்கே புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் இருக்கிறது. அந்தப் பெற்றோல் அதனுள் எரிந்து அதை உருக்கிவிடக்கூடும். பிளக்கில் மிச்சம் பிடிக்கப்போய், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பொருளை இழந்தவர்கள் உண்டு.

கழற்றிய பிளக்கின் முகம்

வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல் மெக்கானிக் பிளக்கின் நுனியைப் பார்ப்பார். நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள்.

இளம் பழுப்பு அல்லது சாம்பல் நிறமாக, உலர்ந்து, விளிம்பு கூராக இருந்தால் பிளக்கும் இஞ்சினும் ஆரோக்கியம். அதை மாற்றச் சொன்னால் "ஏன்?" என்று கேளுங்கள். கிலோமீற்றர் கணக்கு முடிந்திருந்தால் மட்டும் சம்மதியுங்கள்.

உலர்ந்த கறுப்புக் கரி படிந்திருந்தால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது, அல்லது பிளக் போதிய சூடாகவில்லை. நுனி ஏறக்குறைய 450, 500 பாகை செல்சியஸ் சூட்டை எட்டினால்தான் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டுவிட்டு உடனே திரும்பும் குறுகிய ஓட்டமும், அப்புத்தளை, வெலிமடைப் பக்கத்துப் பனிக் காலைகளும் கரி படிய ஏதுவானவை. காப்ரேட்டர் வைத்த பழைய வண்டிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. உயரம் போகப் போகக் காற்று மெலிதாகிறது. தாழ்நிலத்தில் சரிசெய்த காப்ரேட்டர் மலைக்கு வந்ததும் காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலைக் கொடுக்கிறது. அதை இங்கே மறுபடி சரிசெய்ய வேண்டும். இன்ஜெக்ஷன் வண்டிகள் இதைத் தாமே கவனித்துக்கொள்ளும்.

பிசுபிசுப்பான எண்ணெய் படிந்திருந்தால் நோய் பிளக்கில் இல்லை. பிஸ்டன் வளையம் அல்லது வால்வுப் பக்கமாக ஒயில் இறங்குகிறது. புதுப் பிளக் சில நாட்களுக்கு மட்டுமே தாங்கும். (இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் பெற்றோலோடு ஒயில் கலந்தே எரிவதால் சற்று ஈரக் கறுப்பு இயல்பு.)

வெள்ளைவெளேரென்று வெந்து, கொப்புளம் போட்டதுபோல் இருந்தால் இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. காற்று கூடிய கலவை, கூலிங் கோளாறு, பொருந்தாத பிளக் ஆகியவற்றில் ஒன்று காரணமாகலாம். பாரம் ஏற்றிக்கொண்டு நீண்ட ஏற்றம் ஏறும் வண்டிக்கு இது ஆபத்தான அடையாளம்.

வெள்ளைப் பீங்கானில் மயிரிழை அளவு வெடிப்புத் தெரிந்தாலும் அந்தப் பிளக்கை மறுபடி போடாதீர்கள். நவம்பர், டிசம்பர் மழையில் ஈரம் புகும்போது பொறி நுனிக்குப் போகாமல் இடையிலேயே பாய்ந்துவிடும். "மழை பெய்தால் மட்டும் மிஸ் பண்ணுகிறது" என்று வரும் பல வண்டிகளுக்கு வெடித்த பிளக்கோ பழைய பிளக் வயரோதான் காரணம்.

தேய்த்துப் போடலாமா?

சகோதரி கேட்ட இரண்டாவது கேள்வி இது. பழைய நாட்களில் இந்த வழக்கத்துக்கு நியாயம் இருந்தது. ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002-ம் ஆண்டு வரை விற்பனையில் இருந்தது. அதன் படிவுகள் பிளக்கை அடிக்கடி அடைத்தன. புதுப் பிளக் எல்லா ஊரிலும் கிடைக்கவும் இல்லை. எமரித்தாளால் தேய்த்து, இடைவெளியைத் தட்டிச் சரிசெய்து ஓட்டினார்கள்.

இன்றும் நல்ல விளிம்புள்ள நிக்கல் பிளக்கில் கரி மட்டும் படிந்திருந்தால் துடைத்து, இடைவெளியை அளந்து, அவசரத்துக்குப் போடலாம். ஆனால் மழுங்கிய விளிம்பை எமரித்தாள் திருப்பித் தராது. இரிடியம் பிளக்கையோ தேய்க்கவே கூடாது. அதன் நுனி ஊசிபோல் மெல்லியது; கம்பித் தூரிகை பட்டாலே கெட்டுவிடும். ஆகவே கிலோமீற்றர் முடிந்த பிளக்கை மாற்றச் சொன்ன பாஸ் சொன்னதே சரி.

2022-ல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டு ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா ஆனது. வாரம் 20 லீற்றர் போடும் வண்டியில் பொறி தவறுவதால் நூற்றுக்கு ஐந்து பங்கு வீணானால் வாரம் ஒரு லீற்றர், வருடத்துக்கு 52 லீற்றர். அந்தத் தொகையைப் பிளக் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, சொந்தக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் இருந்த வண்டியைப் பேணியவர்களே பிழைத்தார்கள்.

வாங்கும்போதும் பூட்டும்போதும்

பிளக்கின் மேல் உள்ள எழுத்தும் இலக்கமும் வெறும் அலங்காரம் அல்ல. நீளம், பருமன், சூட்டு அளவு எல்லாம் அதில் அடங்கியிருக்கின்றன. ஜப்பானின் என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் சூட்டு இலக்கம் கூடினால் பிளக் குளிர்ந்த வகை. பொஷ் பிளக்கில் நேர்மாறு. எனவே "இலக்கம் ஒன்றுதானே கூட" என்று மாற்றி வாங்காதீர்கள். கைநூலில் உள்ள இலக்கம், அல்லது அதற்கு இணையானது என்று உற்பத்தியாளரே குறிப்பிட்டது மட்டும்தான் பொருந்தும்.

போலிப் பிளக்குகளும், பழையதை மெருகேற்றிப் புதுப் பெட்டியில் அடைத்தவையும் சந்தையில் நடமாடுகின்றன. விலை நம்ப முடியாத அளவுக்கு மலிவாக இருந்தால், பெட்டியில் அச்சு மங்கலாக இருந்தால், மரையில் கீறல் தெரிந்தால் விட்டுவிடுங்கள். தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள். கழற்றிய பழையவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றினார்களா என்ற சந்தேகமும் தீரும், அவை மறுபடி சந்தைக்குப் போவதும் நிற்கும்.

இஞ்சின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்துவிடலாம். பிளக்கைச் சுற்றியுள்ள தூசியை முதலில் ஊதி எடுக்க வேண்டும். தோட்டத்து மண் பாதையில் ஓடும் வண்டியில் இது மிக அவசியம். உள்ளே விழும் ஒரு மணல் சிலிண்டரைக் கீறும். ஒன்றைக் கழற்றி மாற்றிய பிறகு அடுத்ததைத் தொட்டால் வயர்கள் இடம் மாறாது. புதியதைக் கையாலேயே சுற்றி இறக்கி, கடைசியில்தான் ஸ்பானரால் பெட்டியில் குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும். எல்லாப் பிளக்கையும் ஒருசேர மாற்றுவதே முறை.

மாற்றியும் திக்கினால்? கொயில், வயர், எயார் பில்டர், இன்ஜெக்டர் என்று வேறு காரணங்களும் உண்டு. ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில் உள்ள வண்டியில், சந்தேகமான கொயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கோளாறு அதோடு இடம் மாறினால் குற்றவாளி கொயில்தான். காரணம் தெரியாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சாமான் மாற்றிப் பணத்தைக் கரைக்க வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை

திக்கும் இஞ்சின் ஏற்றத்தில் நின்றுவிட்டால் பிரேக் பெடலை மறுபடி மறுபடி மிதிக்காதீர்கள். காரின் பிரேக்குக்குத் துணைபுரியும் உறிஞ்சு சக்தி இஞ்சினிலிருந்து வருகிறது. இஞ்சின் நின்றபின் சில மிதிகளுக்கே அது மிஞ்சியிருக்கும். பிறகு பெடல் கல்லாக இறுகும். பவர் ஸ்டியரிங்கும் கனக்கும். ஒரே அழுத்தாக மிதித்துப் பிடித்து, கை பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பெற்றோல் மிச்சம் பிடிக்க இஞ்சினை நிறுத்திவிட்டு இறக்கத்தில் உருட்டும் பழக்கமும் இதே காரணத்தால் உயிருக்கு ஆபத்து.

இல்லத்தரசிகளுக்கு ஒரு வேலை

வீட்டுச் செலவு எழுதும் கொப்பியில் வண்டிக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பிளக் மாற்றிய திகதி, மீட்டர் காட்டிய கிலோமீற்றர், பிளக்கின் இலக்கம், கடையின் பெயர் ஆகிய நான்கையும் எழுதினால் போதும். அடுத்து மாற்ற வேண்டிய கிலோமீற்றரை எழுதி ஒரு துண்டுத் தாளை வண்டிக்குள்ளும் ஒட்டிவிடுங்கள். இரண்டு பாஸ்மார் இரண்டு விதமாகச் சொன்னாலும் உங்கள் கொப்பி தீர்ப்புச் சொல்லும். பெருநாளைக்கு உம்மா வீட்டுக்குக் குடும்பத்தோடு புறப்படுமுன் அந்தப் பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

ஹயர் ஓடும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மை நம்பி ஏறும் பயணி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நோயாளியை ஏற்றும் நேரத்தில் "நேற்றே மாற்றியிருக்கலாமே" என்று நினைப்பதால் பயனில்லை. ஏற்றத்தில் வண்டி முதல் தடவை திக்கும் அன்றே பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

பசறைச் சகோதரியின் வண்டியில் மீட்டர் கணக்கு எத்தனை, கழற்றிய பிளக்கின் நிறம் என்ன என்பதை எழுதினால் மேலும் சொல்கிறோம். அடுத்த மாதம் நீண்ட இறக்கங்களில் பிரேக்கைச் சூடாக்காமல் ஓட்டுவது எப்படி என்று பார்ப்போம்.